அடி பார்த்தாச்சா?

பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தைத்தான் எடுத்திருந்தார்கள். தரையில் கூடைப்பந்துக் கோடுகள். கோடுகளின்மேல் நீள மேசைகள், மேசைமேல் செய்தித்தாள், அதன்மேல் காகிதத் தட்டுகள், தட்டுக்கு ஒரு காளான். பச்சைச் சீட்டு இருந்தால் சாப்பிடலாம், மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் கிட்டப் போகாதே. ஐம்பது தாண்டிய மனிதர்கள் குனிந்து குனிந்து முகர்ந்துகொண்டிருந்தார்கள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படி உச்சி முகர்ந்திருக்க மாட்டார்கள். ஒருவர் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்து, கோப்பையில் துப்பினார். கசக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். பதில் வருவதற்குள் அவரும் கிள்ளிவிட்டார்.

வட்டாரக் காட்டுக்காளான் ஆர்வலர்களின் ஆண்டுச் சந்திப்பு அது. என் கணவரோடு வேண்டாவெறுப்பாக ஏழெட்டு முறை வந்திருக்கிறேன். மூலையில் ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் இல்லாமல் வந்தது இந்தத் தடவைதான். அவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. காளான் தின்று இறந்தார். இந்தச் சங்கத்திலேயே காளானைச் சரியாக அடையாளம் சொல்பவர் என்று பெயரெடுத்தவரும் அவர்தான்.

சங்கத்தின் செயலாளர் ஒரு பல் மருத்துவர். காளானைத் தலைகீழாகத் திருப்பி, அடிமடல்களுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். வாயைத் திற என்று சொல்லாததுதான் பாக்கி. என்னைக் கண்டதும் டார்ச்சை அணைத்துவிட்டு வந்து என் தோளில் ஓர் அட்டையைக் குத்தினார். 'சிறப்பு விருந்தினர்' என்று போட்டிருந்தது. என்ன சிறப்போ, போங்கள்.

வரிசையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கிய அன்று உதடு நம்முடையதாகவே இருக்காதே, பத்து மாதமாக நான் முழுசாக அப்படித்தான் இருந்தேன். தின்றேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். சலவைக்கடையில் இஸ்திரி மேசை என்னுடையது. கல்நெஞ்சக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அங்கே பேசிக்கொள்வது நீராவிச் சத்தத்தைத் தாண்டியும் என் காதில் விழும். அதற்கும் ஒன்றும் தோன்றாது.

என்னை அழைத்து வந்தவர் என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். எத்தனையோ கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து உயிர்பிழைத்தவர் என்பதால் எதற்கும் அசைந்துகொடுக்க மாட்டார். அன்று சண்டை போடுவதற்கென்றே வந்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் பதினொரு மணிக்குச் சங்கத்தில் இருக்கும் தாவரவியல் பேராசிரியரின் உரை, தலைப்பு 'நிபுணரும் தவறும் நாள்', பக்கத்தில் என் கணவரின் படம். தபாலில் அந்த நிரல் வந்த நாளிலிருந்து அக்கா கொதித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காளானை மேலோடு அறுத்து எடுக்கக் கூடாது. விரலை மண்ணுக்குள் விட்டு, தோண்டி எடுத்து, அடியைப் பார்க்க வேண்டும். 'சாது' என்று இவர்கள் பெயர் வைத்திருக்கும் கொலைகாரக் காளான் ஒன்று இருக்கிறது. வெளியே தெரியும்வரை அது வெண்தொப்பி என்கிற நல்ல காளான் போலவே இருக்கும். சாதுவுக்கு மட்டும் மண்ணுக்குள் ஒரு கிண்ணம் இருக்கும், அதில்தான் தண்டு நிற்கும். அடியைப் பார்த்தபிறகு, கூடையில் மண் சேராமலிருக்க அந்தப் பகுதியை நறுக்கி எறிந்துவிடுவார்கள். அதனால் கூடைக்குள் கிடப்பதைப் பார்த்துப் பயனில்லை, எடுத்த ஆளைத்தான் கேட்க வேண்டும். கூடை கைமாறும்போது, அடி பார்த்தாச்சா என்பார்கள். பார்த்தாச்சு என்று பதில் வரும். அதில் யாரும் பொய் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. என்னைத் தவிர.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் காட்டுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் முதல்முறை. முந்தின நாள் எங்களுக்குள் சண்டை. உனக்கு என்னையும் பிடிக்காது, என் காளானையும் பிடிக்காது என்று மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சரி, ஒரு நாள் போய்த் தொலைப்போம் என்று கிளம்பினேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் இன்னொரு கத்தியைக் கொடுத்தார், கூடையைக் கொடுத்தார், எந்த மரத்தடியில் எது முளைக்கும் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு நகத்துக்குள் மண் போவது ஆகாது. திங்கட்கிழமை காலையில் கடைக்கு வரும் வெள்ளைச் சட்டைகளெல்லாம் என் கையில்தான். அவர் மரங்களுக்கு அந்தப் பக்கம் போனதும், மண்ணைத் தொடாமல் கத்தியால் அறுத்து அறுத்துப் போட்டேன். திரும்பி வந்தவர் என் கூடையைப் பார்த்துப் பூரித்துப்போனார். அடி பார்த்தாச்சா என்று கேட்டார். பார்த்தாச்சு என்றேன். வீட்டுக்கு வந்து வெண்ணெயில் வதக்கி அவர் மட்டும் சாப்பிட்டார். எனக்குக் காளான் வாடையே ஆகாது, அது ஊரறிந்த விஷயம்.

மறுநாள் விடியும்போது வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டது. காளான் சாப்பிட்டீர்களா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். சாப்பிட்டேன், ஆனால் காரணம் அது இல்லை, ஒவ்வொன்றையும் அடி பார்த்து எடுத்தது என்று என் கணவர் அடித்துச் சொன்னார். இத்தனை தெரிந்த மனிதர் சொல்லும்போது டாக்டர் என்ன செய்வார்? சலைன் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் தேறி எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்றார். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. ஈரல் போய்விட்டது என்றார்கள். முதல் நாளே தெரிந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆறாம் நாள் முடிந்துவிட்டது.

பிறகு பேராசிரியர் வீட்டுக்கு வந்து குப்பைத் தொட்டியில் இருந்த துணுக்குகளை எடுத்துப்போய் நுண்ணோக்கியில் பார்த்தார். சாதுதான். தனியாகவா போனார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. அதன்பிறகு கதை இப்படி ஆனது: அவரே அடி பார்க்காமல் எடுத்தார், பார்த்ததாக நினைத்துக்கொண்டு டாக்டரையும் திசைதிருப்பினார், எல்லாம் தலைக்கனம். அக்காவின் எதிரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது.

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். லிஃப்ட் ஒழுங்காக ஓடும்வரை அந்த வேலைக்காரனை யாரும் நினைப்பதில்லை. இந்தக் கூடத்தில் மட்டும்தான் அவர் உள்ளே வந்தால் எழுந்து இடம் விட்டார்கள். பதினொரு மணிக்கு அந்தப் பெயரும் போகப்போகிறது. நான் வாயைத் திறந்தால் அது பிழைக்கும். திறந்தால் அக்காவின் தம்பியைச் சாகடித்தவள் நான் என்றாகும். இந்தப் பத்து மாதமும் தினம் சாயங்காலம் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, நான் தட்டைக் காலி செய்யும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தவர் அக்கா. எனக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளங்கைகூட வியர்க்காமல் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. என் கணவரைப் பற்றி ஐந்து நிமிடம் மரியாதையாகப் பேசினார். திரையில் அவருடைய படம் வந்தது, கூடையோடு, பல்லெல்லாம் தெரிய. அடுத்து, எங்கள் குப்பைத் தொட்டியில் எடுத்த சாதுவின் படம் வந்தது, அடி இல்லாத தண்டுகள். இருபது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர் ஒரே ஒரு நாள் அவசரப்பட்டார், பிறகு தன்மேல் இருந்த நம்பிக்கையால் அதை ஒப்புக்கொள்ள மறுத்தார் என்றார்.

அக்கா எழுந்துவிட்டார்.

"என் தம்பி அடி பாக்காம எடுக்க மாட்டான்," என்றார்.

படத்தைப் பாருங்கள் அம்மா என்று பேராசிரியர் தணிந்த குரலில் சொன்னார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை. எடுக்க மாட்டான் என்று திரும்பவும் சொன்னார், மூன்றாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதேயில்லை. கூடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குத் துணிச்சல் வந்தது என்று சொல்ல மாட்டேன். அக்கா அப்படித் தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நானும் எழுந்தேன்.

"எடுத்தது நான்," என்றேன். "அன்னிக்கு நானும் அவரோட போனேன். நான்தான் கத்தியால அறுத்தேன். அடி பாத்தாச்சான்னு கேட்டார், பாத்தாச்சுன்னு பொய் சொன்னேன்."

பல் மருத்துவர் மேடையேறி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். இந்த அம்மாவை நமக்கெல்லாம் எத்தனை வருடமாகத் தெரியும் என்று ஆரம்பித்தார். காளான் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்பவர், ஒரு நாளும் காட்டுப் பக்கம் வராதவர், இன்று கணவரின் பெயரைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், இதைவிடப் பெரிய மனது எங்கே இருக்கிறது என்றார். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். இல்லை, நிஜமாகவே நான்தான் எடுத்தேன் என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பேராசிரியர் இறங்கி வந்து என்னை அணைத்துக்கொண்டு, உங்களுக்கு இது தேவையில்லை என்று காதோடு சொன்னார். அவருடைய மேலங்கியில் ஈரமண் வாடை அடித்தது. தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள்.

அக்கா கை தட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். கார் நிறுத்துமிடம் வரை பிடியை விடவில்லை. கதவைத் திறந்து என்னை உட்கார வைத்து, சுற்றி வந்து அவரும் உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை.

நான் சொன்னதில் தனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்றார். தம்பி அறுத்திருக்க மாட்டான், அப்படியானால் வேறு யாரோ அறுத்திருக்கிறார்கள், அது யார் என்றுதான் இத்தனை நாளும் புரியவில்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தெரியாதவள் தெரியாமல் செய்தது, கூடையைக் கொடுத்துத் தனியாக விட்டுப் போனவனையும் சொல்ல வேண்டும் என்றார். பத்து மாதம் இதை எப்படி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட்டாய் என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. என் கண் காய்ந்துதான் இருந்தது.

அப்புறம், இன்னொன்றும் கேட்டார்.

"ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட அவ்வளவு அடிச்சுச் சொன்னானே. அதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேக்கலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று ஆஸ்பத்திரி அறையில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம், அதில் ஒருவர் போய்விட்டார். இல்லை என்றால் அக்கா காரை எடுத்திருப்பார், வீட்டுக்குப் போயிருப்போம், எதிரில் உட்கார்ந்து என்னைச் சாப்பிட வைத்திருப்பார். ஆனால் அந்தக் கூடத்தில் ஒருவரும் நம்பாததை அவர் ஒருவர்தான் நம்பினார். அவரிடமும் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேட்டார்," என்றேன். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நிஜமா அடி பாத்தியா, கோவிச்சுக்க மாட்டேன், சொல்லுன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"பாத்தேன்னு சொன்னேன். அந்த ஒரு நாள்தான் அவர் என்னால சந்தோஷமா இருந்தார். அதைக் கெடுக்க மனசு வரல அக்கா. வெறும் வயித்துக் கோளாறுன்னுதான் நெனச்சேன்."

அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது.

"கோவிச்சுக்க மாட்டேன்னு சொன்னானா?" என்று கேட்டார்.

"சொன்னார்."

என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தார். சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கி, மூடாமலே நடந்துபோனார். சாவி அவர் இருக்கையில் கிடந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, அது அவருக்குத் தெரியும். அக்கா என்று கூப்பிட்டேன். முதுகு ஒரு கணம் நின்றது, பிறகு போய்விட்டது. அப்போதுதான் எனக்கு வலித்தது. பத்து மாதம் சேர்த்து வைத்த வலி. வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் ஓவென்று அழுதேன்.

சத்தம் கேட்டுப் பல் மருத்துவர் காகிதக் கோப்பையில் தேநீரோடு ஓடி வந்தார். திறந்திருந்த கதவருகே குனிந்து, கோப்பையை என் கையில் கொடுத்தார்.

"அழுதுடுங்கம்மா," என்றார். "உங்கள மாதிரி ஒரு மனைவி கிடைக்க அவர் கொடுத்து வச்சிருக்கணும்."

பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே அக்கா பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்.