நாற்பது நிமிடம் பிளக்கைத் தொடக்கூடாது

வீரமுத்து என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியபோது என் குதிகால் தரையில் இல்லை. பின்மண்டை இரண்டு தரம் சுவரில் மோதியது. "பேரெல்லாம் எங்கடா?" என்றான். மேசைமேல் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருந்தது.

தப்பு என்னுடையதுதான். அது தொண்ணூற்றாறாம் வருடம். மலேசியாவில் செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு, லீவு நாளில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன் பேர்வழி என்று மோட்டார் சைக்கிளில் திரிந்தவன் நான். கெமாஸ் பக்கத்துத் தோட்ட ஆபீசில் பழைய டாஸின் மேல் புது விண்டோஸ் போடக் கூப்பிட்டார்கள். அந்த டிஸ்க்கை ஒரு பூட்டு மென்பொருள் முழுக்கக் குழப்பி வைத்திருந்தது. பாஸ்வர்ட் கொடுத்தால்தான் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். புது விண்டோஸோடு இந்தப் பூட்டு ஒத்துப்போகாது, முதலில் இதைக் கழற்றிவிடு என்று அதன் கையேட்டில் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. கையேட்டை எந்த மெக்கானிக் படிக்கிறான்? போட்டேன். அணைத்துத் திரும்பப் போட்டபோது டிஸ்க்கே இல்லை என்றது மெஷின்.

அதற்குள்தான் நூற்றுப்பன்னிரண்டு குடும்பத்தின் வீடு இருந்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பதினைந்து வருடம் உழைத்த குடும்பத்துக்குக் கம்பெனி ஒரு வீடு தரும். பட்டியலில் பெயர் இல்லாதவன் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கேயாவது போக வேண்டியதுதான். பட்டியலைக் கொடுக்க அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. கறையான் தின்ற செக்ரோல் என்கிற பேர்ப்பதிவுப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து, யார் எந்த வருடம் வேலைக்கு வந்தார்கள் என்று ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் மூன்று மாதம் தட்டி முடித்தார். புத்தகங்களை அதன்பிறகு எரித்துவிட்டார்கள். பட்டியலைப் புது விண்டோஸில்தான் வாங்குவோம் என்று தலைமை ஆபீஸ் சொன்னதால்தான் நான் வரவே நேர்ந்தது.

"அண்ணே, விடுங்க. கொண்டாந்துறலாம்," என்றேன். பூட்டுக்கென்று ஒரு பிளாப்பி உண்டு. அதைப் போட்டுப் பாஸ்வர்ட் கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் பூட்டு முழுக்கக் கழன்றுவிடும். நடுவில் மின்சாரம் நின்றால் மட்டும் எல்லாம் பாழ். அதையும் சொன்னேன். வீரமுத்து காலரை விட்டான்.

பிளாப்பியைப் போட்டு, ஏதோ ஒரு சொல்லை அடித்துச் சோதித்தேன். தவறு என்றது. கிராணியார் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது, கல்யாணமாகாத மனிதர், யாரையும் அதட்டிப் பேசாதவர். தினமும் காலையில் அவர் அடிக்கும்போது எழுத்துகள் வெறும் நட்சத்திரமாகத்தான் தெரியும். இந்த பிளாப்பியோ எழுத்தை மறைக்காமல் காட்டியது. நான் அடித்த சொல் பெரிதாகத் திரையில் நிற்பதைப் பார்த்தார். கீபோர்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"மறந்துபோச்சி," என்றார்.

தினமும் அடிக்கிற சொல் எப்படி மறக்கும்? எனக்கே கோபம் வந்தது. லயத்து ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்கலா, நிதானமா போடட்டும்," என்றேன்.

"வெளிய போனா ரெண்டு பேரும் சேந்து அழிச்சிப்புடுவீங்க," என்றான் வீரமுத்து. "கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்? என் கண்ணு முன்னால போடு."

லயத்து ஆட்களுக்கு அவன்தான் தலைவன். அவன் கை பேசும் என்பார்கள். வீட்டில் பெண்டாட்டி வள்ளிநாயகியிடமும் அது பேசும். லயமே கேட்டுக்கொண்டு சோறு தின்னும். ஆபீஸ் கூட்டுகிற அந்த வள்ளிநாயகி இப்போது கதவோரத்தில், கூட்டத்துக்கு முன்னால், விளக்குமாற்றோடு நின்றாள்.

வீரமுத்து விட்ட முதல் அறையில் கிராணியாரின் கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. "மறந்துபோச்சிப்பா," என்றார் மறுபடியும். வீரமுத்து அவருடைய இடது கையை மேசை இழுப்பறையில் வைத்து, இழுப்பறையை முழங்காலால் உதைத்து மூடினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கத்தவில்லை, வாயால் மூச்சு விட்டார். கூட்டத்திலிருந்து ராக்கம்மா, "சொல்லித் தொலைங்க கிராணியாரே, எம் பிள்ளைங்க எங்க போவும்?" என்று அழுதாள். அடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீரமுத்து இழுப்பறையைத் திறந்து அடுத்த கையைப் பிடித்தான்.

"தம்பி," என்றாள் வள்ளிநாயகி. என்னைத்தான் கூப்பிட்டாள். "எம் பேர அடிச்சிப் பாருங்க."

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. கிராணியார் மட்டும் தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. அவர்களுக்குள் என்ன இருந்தது, ஏதாவது இருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தப் பெயர் சரிதான் என்பது அவர் தலையாட்டியதிலேயே தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே தப்பாக அடித்துவிட்டு, இது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் நூற்றுப்பன்னிரண்டு குடும்பம் நின்றது. ஒவ்வொரு எழுத்தாக அவள் பெயர் திரையில் வந்தது. என்டரைத் தட்டினேன்.

பூட்டு கழலத் தொடங்கி, திரையில் ஒரு சதவீதம் என்று விழுந்தது. நூறுவரை போக வேண்டும்.

வீரமுத்து கிராணியாரின் கையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். பிறகு சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தான். அவன் ஓரடி எடுத்து வைப்பதற்குள் மொத்தக் கூட்டமும் உள்ளே பாய்ந்தது. ராக்கம்மா பிளக்கின்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள். ஆண்கள் கையோடு கை கோத்து மேசையைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அவனை அவ்வளவு தைரியமாக யாரும் அதுவரை எதிர்த்து நின்றதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

வள்ளிநாயகி வளையத்துக்கு வெளியே இருந்தாள். தோள்களுக்கு இடையில், அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைப்பது தெரிந்தது. வீரமுத்து அவள் பக்கம் திரும்பினான். திரையில் மூன்று ஆனது. முதல் அடியின் சத்தம் கேட்டதும், எனக்கு முன்னால் நின்றவர்கள் கையை இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டார்கள்.