கேமரா இல்லாத கருவி

கடையில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். ஒன்று டேப்லெட். படம் பார்க்கலாம், முகம் பார்த்துப் பேசலாம், கணக்குப் போடலாம் என்று விற்பனைக்காரர் மூச்சுவிடாமல் அடுக்கினார். மற்றது சாம்பல் திரை கொண்ட மின்னூல் கருவி. படிக்கலாம், அவ்வளவுதான்.

"இதுவே போதுங்க," என்று நான் சாம்பல் திரையைத் தொட்டேன்.

"எல்லாத்துக்கும் ஆகுறத விட்டுட்டு இது எதுக்கும்மா?" என்றார் என் கணவர்.

"கண்ணு கூசாது."

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் பொருத்துகிறவள் நான். கண்ணைப் பற்றி நான் சொன்னால் எதிர்ப்பேச்சு இருக்காது. ஆனால் அது வெறும் சாக்கு. என் போனில் யாரோடு பேசினேன், எங்கே நின்றேன் எல்லாமே அவருக்கு அத்துப்படி. அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. "மருந்துக்கடைகிட்ட ரொம்ப நேரம் நின்னியே, உடம்புக்கு என்னம்மா?" என்று அன்பொழுகக் கேட்பார்.

அவரை விட்டுப் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தேன். எப்படிப் போவது, சட்டம் எனக்கு என்ன தரும் என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கேமராவும் மைக்கும் இல்லாத ஒரு மக்குக் கருவிதான் லாயக்கு என்று நினைத்தேன்.

அதிசயமாக அவர் முரண்டு பிடிக்கவில்லை. டேப்லெட்டைத் தனக்கு வாங்கிக்கொண்டார். "கொடு, நானே செட் பண்ணித் தரேன்," என்று என் கருவியில் தன் மின்னஞ்சலைத் தட்டினார். விட்டது தொல்லை என்று நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்து மாட்டுகிறவளின் லட்சணம் இது!

மணவிலக்கு பற்றிய கையேடு ஒன்று இலவசமாகக் கிடைத்தது. காசு போகவில்லை, அவருக்குத் தகவலும் போகாது என்று தைரியமாக இறக்கினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் அறையில் உட்கார்ந்து படிப்பேன். முக்கியமான வரிகளின் மேல் விரலை இழுத்தால் அவை சாம்பல் நிறத்தில் குறியாகும். பல மாதங்களுக்குப் பிறகு அந்த அறையில்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நேற்று மாலை வேலை முடிந்து வந்தபோது அவர் சோபாவில் டேப்லெட்டோடு இருந்தார்.

"கண்ணு இப்போ தேவலையா?"

"ம். நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் இவ்ளோ மெதுவாப் படிக்கிற? ஆறாவது அத்தியாயத்துலயே நிக்குறியே."

செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். "எப்படித் தெரியும்?" என்றேன்.

"ரெண்டுலயும் என் ஈமெயில் கணக்குதானேம்மா. நீ அங்க தொட்டா இங்க வருது."

டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். நான் குறித்த வரி பளிச்சென்ற மஞ்சளில் எரிந்தது: வெளியேறும் நாளைக் கணவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

அவர் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து, சோபாவில் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"உக்காரு. என்னிக்குன்னு எங்கிட்ட மட்டும் சொல்லும்மா."