தண்ணீர் மந்திரியின் அறிக்கை

கிழக்குத் தாம்பரத்தில், ஏரிக்கரை ஓரத்து ஆரம்பப் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கென்று தனி மந்திரிசபை உண்டு. ரத்தினபாய் டீச்சர் அமைத்த ராஜாங்கம் அது. முதல் மந்திரி முனிரத்தினத்துக்கு எட்டு வயது. மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. நகம் பார்க்கிற சுகாதார மந்திரி சாவித்ரி. அறுபத்தேழாம் வருஷம் ஆடி மாதம் சீட்டுக் குலுக்கிப் போட்டதில், தண்ணீர் மந்திரி பதவி லோகநாயகிக்கு வந்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கைப்பம்பில் தொங்கித் தொங்கி அடித்து, விளிம்பு வரை நிரப்பினாள். மத்தியான இடைவேளையில் பிள்ளைகள் கை ஏந்த, மந்திரி சொம்பால் மொண்டு ஊற்ற வேண்டும். அதுதான் சட்டம்.

ஒருவரும் வரவில்லை. எல்லோரும் பம்புக்கே ஓடினார்கள். காரணத்தைச் சாவித்ரிதான் சொன்னாள்.

"உங்கப்பா குரோம்பேட்டையில தோல் ஷெட்டுல வேலை செய்றாராமே. உன் கையால தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. எல்லார் வூட்லயும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. நாளைக்கு லீவு என்பது போலச் சொன்னாள். லோகநாயகி சொம்பைப் பானை மேல் கவிழ்த்து வைத்தாள்.

வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடும் டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. தினமும் சாயங்காலம் லோகநாயகி பானையை வாழைக்குக் கவிழ்த்தாள். காலிப் பானையைப் பார்த்து டீச்சர், "வெரிகுட்! எல்லாம் குடிச்சிட்டாங்களா?" என்றார். அந்தப் பாராட்டு அவளுக்கு அடி வாங்கியது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் மந்திரிகள் அறிக்கை சொல்ல வேண்டும். முதல் மந்திரி எடுத்துக்கொடுக்க, வகுப்பே "ஏற்றுக்கொள்கிறோம்" என்று கத்த வேண்டும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது. போன மாத மந்திரி, 'அனைவரும் குடித்தனர்' என்று முடிப்பான். அதையே சொன்னால் பதவி நிலைக்கும். உண்மையைச் சொன்னால், ஒருவரும் குடிக்காத மந்திரி எதற்கென்று டீச்சர் பதவியைப் பிடுங்கிவிடுவாரோ?

"அஞ்சு நாளும் பானை நிறையப் புடிச்சேன்," என்றாள். "ஒருத்தரும் குடிக்கலை. நாலு பானையை வாழைக்கு ஊத்திட்டேன். இன்னிக்குப் புடிச்சது அப்பிடியே கீது, டீச்சர்."

ரத்தினபாய் டீச்சர் எழுந்து போய்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் சிறுத்துப்போயிற்று.

வகுப்பு நின்றுகொண்டே இருந்தது. முனிரத்தினம் தலையைச் சொறிந்தான். ஏற்றுக்கொண்டால், யாரும் குடிக்காதது சரி என்றாகிவிடும். ஏற்காவிட்டால் அவள் பொய் சொன்னாள் என்றாகிவிடும். இப்படி ஒரு பேஜார் எந்த முதல் மந்திரிக்கும் வந்திருக்காது. அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நேராகப் பானைக்குப் போய்க் கையை ஏந்தினான்.

"ஊத்து."

சட்டையெல்லாம் நனையக் குடித்தான். பிறகு திரும்பி, "இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? லைன்ல வாங்க!" என்று அதட்டினான்.

வந்தார்கள். பானை அடி தெரிகிற வரை குடித்தார்கள். சாவித்ரி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் மெதுவாக வந்து, லோகநாயகியின் கையிலிருந்து சொம்பை வாங்கினாள்.

"நீ குடிச்சியா?"

லோகநாயகி இல்லையென்று தலையாட்டினாள். தான் முதலில் வாய் வைத்தால் மற்றவர்கள் அறவே தொட மாட்டார்கள் என்று பயந்து, அந்த வாரம் முழுக்க அந்தப் பானைத் தண்ணீரை அவள் ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை.

"உன் கையால குடிக்கக் கூடாதுன்னுதான் எங்கம்மா சொன்னாங்க. உனக்கு ஊத்தக் கூடாதுன்னு சொல்லலை," என்றாள் சாவித்ரி. "கையை நீட்டு."

லோகநாயகி அழுதுகொண்டே குடித்தாள். சொம்பில் ஒரு வாய் மிஞ்சியது. சாவித்ரி வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அதை அண்ணாந்து தன் வாயில் ஊற்றிக்கொண்டாள்.