பத்தொன்பது நிமிட வழி

ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு கையால் பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். போன் ஹேண்டில்பாரில்தான் மாட்டியிருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பதை வீட்டில் நாள் முழுக்க மேப்பில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு நீலப் புள்ளி. புள்ளி நின்றுவிட்டால் அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும்.

"ஏன் நின்னுட்ட? ஏய், உன் ரூமுக்கும் ஆலைக்கும் நடுவுல நேரா ஒரு சந்து போகுதுடி. பத்தொம்போது நிமிஷம்னு காட்டுது. நீ என்ன ஊர்வலமா போற?"

"அந்தச் சந்துல நாய் இருக்காம்ணா. அக்கா போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"எந்த அக்கா?"

"மெஷின்ல எனக்கு எதிர்ல நிக்கிறவங்க. இந்த சைக்கிளைக் குடுத்தவங்க."

"நாய் என்ன மூணு ஷிப்டும் டியூட்டி பாக்குதா? உன்னை நல்லா சுத்த விடுறாங்க."

அன்றைக்கு நான்கு நிமிடம் தாமதம். என் அட்டையில் இரண்டாவது சிவப்புக் குறி விழுந்தது. மூன்று மாத சோதனைக் காலத்தில் மூன்று சிவப்பு வந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இந்த ஊரில் இருக்க எனக்கு அனுமதியும் இல்லை. சனிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. அது புதன்கிழமை.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஆலை அது. ஈரம் போகாத விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைக்குள் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒருத்தி அவசரப்பட்டால் விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய்விடும். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். என் கை தடுமாறினால் அவர் கையும் தானாக நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் பெரிய ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் லாரியின் கண்ணாடி முழங்கையை உரசிக்கொண்டு போனது. மிச்ச தூரத்தை ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி வந்து சேர்ந்தேன். அப்போது விழுந்ததுதான் முதல் சிவப்பு. மறுநாள் அக்கா ஆலைக்கு விரிப்பு கொண்டுவரும் வண்டியில் இந்த சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு அட்டையின் பின்பக்கம் வழி வரைந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி, சுரங்கப்பாதை, வாய்க்கால் கரை. முப்பத்தி நாலு நிமிடம்.

"தொட்டி தாண்டினதும் இடது பக்கம் ஒரு சந்து வரும். அதுக்குள்ள மட்டும் போகாத. நாய் கடிச்சுடும்."

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் சொன்ன பிறகு ஒவ்வொன்றாக உறுத்தத் தொடங்கியது. நல்ல சைக்கிளை வீட்டில் வைத்துக்கொண்டு இவர் ஏன் தினமும் ஜன்னல் இல்லாத விரிப்பு வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருகிறார்? ஒரு தடவை கேட்டபோது, "எனக்கு பேலன்ஸ் வராதும்மா" என்றார். ஆனால் சீட்டு அவர் உயரத்துக்குத்தான் வைத்திருந்தது. கைப்பிடி ரப்பரில் நான்கு விரல்களின் பள்ளம் தேய்ந்து கிடந்தது. அது வருஷக்கணக்கில் ஓட்டிய கை. அப்புறம் தினமும் காலையில், சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்பே, "சந்துல போகலல்ல?" என்று கேட்பார். நாய்க்காகவா இவ்வளவு அக்கறை?

இதையெல்லாம் அன்று சாயங்காலம் வீட்டுக் குழுவில் சொன்னேன். எழுதப் பொறுமை இல்லாததால் போனிடம் பேசுவேன், அதுவே எழுதி அனுப்பிவிடும். சமைத்துக்கொண்டே பேசினேன், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினேன். அறைக்குள் என் குரல் மட்டும்தான் கேட்டது. பேசப் பேச எனக்கே அது நிஜமாகிவிட்டது.

"சும்மா ஒருத்தி சைக்கிளைத் தூக்கிக் குடுப்பாளா? அவளுக்கு வேண்டியவ யாராவது இருப்பா. உன் இடத்துல உக்கார வைக்கப் பாக்குறா" என்றாள் அம்மா.

"உக்காரவே முடியாதும்மா. நாள் முழுக்க நிக்கிற வேலை."

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு. அண்ணன் சொல்றதைக் கேளு."

மறுநாள் காலை சுரங்கப்பாதையின் வாயில் கயிறு கட்டி, பாதை மூடல் என்று பலகை வைத்திருந்தார்கள். மணி ஆறு முப்பத்தெட்டு. ஏழுக்கு அட்டை தேய்க்க வேண்டும். பெரிய ரோட்டை நினைத்ததும் முழங்கை கூசியது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, தொட்டிக்குப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தேன்.

என்ன அருமையான சந்து! லாரி நுழைய முடியாத அகலம். வழவழவென்று புதிதாகப் போட்ட சாலை. இரண்டு பக்கமும் உயரமான மதில்களின் நிழல். நாயைத் தேடினேன். ஒரு பூனைகூட இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டே திட்டிக்கொண்டு மிதித்தேன்.

சந்தின் நடுவே ஒரு பட்டறை இருந்தது. ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த ஆள் என்னைப் பார்த்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"பின் டயர்ல காத்து இல்ல பாருங்க. இப்படியே ஓட்டினா ட்யூப் கிழிஞ்சுடும்."

நிஜமாகவே இல்லை. நான் சரி என்பதற்குள் பம்பை எடுத்து வந்து குந்திக்கொண்டார். நிதானமான மனிதர். நகங்கள் சுத்தமாக இருந்தன. அடித்து முடித்த பிறகும் எழவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பி கேரியரில் பற்றவைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். போய், வந்து, மறுபடியும் போனது விரல்.

"இந்த மூட்டு நான் வச்சதுதான்" என்றார். "என் வெல்டிங் எனக்குத் தெரியும்."

நான் ஹேண்டில்பாரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வண்டி உங்களுதா?"

"ஆமா. பழசுதான், வாங்கினேன்."

"யார்கிட்ட?"

"யாரோ. பேரெல்லாம் தெரியாது. சந்தையில."

எப்படி அவ்வளவு சட்டென்று பொய் வந்தது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பாத்துப் போங்கம்மா, வளைவுல மண்ணு கிடக்கு" என்று சொல்லி வழிவிட்டார். சந்து முடியும் இடத்தில் திரும்பிப் பார்த்தேன். பம்பைக் கையில் பிடித்தபடி, அதே இடத்தில், என் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஆறு ஐம்பத்து மூன்றுக்கு அட்டை தேய்த்தேன். பச்சை. புள்ளி நேராகப் போனதை வீட்டில் பார்த்திருந்தார்கள். "நான் சொன்னேன்ல!" என்று அண்ணன் கத்திய ஒலிப்பதிவு வந்தது. பின்னால் அம்மா கைதட்டுவது கேட்டது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு மெஷினுக்குப் போனேன்.

அக்கா தன் முனையில் நின்றிருந்தார். "சந்துல போகலல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு கைகளிலும் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்துக்கு நேராக நிற்கும்போது முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சுரங்கப்பாதை மூடியிருந்ததை, நாய் இல்லாததை, பட்டறையை, கட்டைவிரலை. "ஆனா உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலக்கா. சந்தையில வாங்கினேன்னு அடிச்சு விட்டேன்" என்றேன். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். விரிப்பை இழுத்துச் சமன் செய்தார். எனக்குக் கண் காட்டினார். இருவரும் ஒரே நேரத்தில் உருளைக்குள் கொடுத்தோம். ஒரு சுருக்கம் விழவில்லை. அது முழுசாக உள்ளே போன பிறகுதான் கேட்டார்.

"ஜாக்கெட் போட்டிருந்தியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. குனிந்து என்னையே பார்த்துக்கொண்டேன். ஆலையில் கொடுத்த மஞ்சள் ஜாக்கெட். இருட்டிலும் வண்டிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று முதுகில் சாண் உயர எழுத்தில் ஆலையின் பெயர், அதற்குக் கீழே தெருவின் பெயர்.

"ஆறு வருஷம் அவன் கண்ணுல படாம இருந்தேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

"அக்கா..."

"நீ அடுத்ததை எடு. மேஸ்திரி பாக்குறாரு. உனக்கு இன்னும் ரெண்டு நாள்தான்."

எடுத்தேன். விரிப்பின் முனை நழுவியது. அக்கா கையுறையைக் கழற்றி உருளையின் மேல் தட்டில் வைத்துவிட்டு, சரக்கு இறக்கும் பக்கம் போனார். அங்கே வெளிவாசலைப் பார்த்தபடி ஒரே ஒரு கண்ணாடி உண்டு. நீராவி படிந்து எப்போதும் வெள்ளையாகவே இருக்கும், அதை ஒரு ஜன்னல் என்றே நான் நினைத்ததில்லை. உள்ளங்கையால் துடைத்தார். கை அளவுக்கு வெளியே சாலை தெரிந்தது, வாசல் கம்பி தெரிந்தது, யாரோ ஒருவரின் சைக்கிள் சக்கரம் மெதுவாகக் கடந்து போனது. அதற்குள் ஆவி ஏறி மூடிவிட்டது. அக்கா மறுபடியும் துடைத்தார்.