அல்டனின் நாற்பத்தொரு சதவீதம்

நாற்பத்தொன்று, இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாலும் நாற்பத்தொன்றுதான் வரும், அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறாது... டிம்னா வைப்பரை வேகமாக ஓடவிட்டாள், மழை அப்படியும் கண்ணாடியை மறைத்தது. பக்கத்தில் தம்பி அல்டன் ஹாம் சாண்ட்விச்சை மடியில் உதிராமல் தின்றுகொண்டிருந்தான். ஆட்ட நாளில் ஒரு வாய் உள்ளே இறங்காதே இவனுக்கு, இன்றைக்கு மட்டும் எப்படிப் பசிக்கிறது? லெய்ட்ரிம் மாவட்ட ஐரிஷ் கால்பந்து அரையிறுதி, ஊர் அணி இத்தனை தூரம் வந்து எவ்வளவு காலமாகிவிட்டது, களமிறங்கும் பதினைந்து பேரில் இவன் பெயர் இல்லை, அது இந்தக் காருக்குள் அவளுக்கு மட்டுமே தெரியும். நேற்று மாலை பயிற்சியாளர் மலாக்கி போனில் சொன்னார், "உன் கணக்கப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணினேன். நீ வாயத் திறக்காத டிம்னா, டிரஸ்ஸிங் ரூம்ல நானே சொல்லிக்கறேன்." திறக்காதே என்று சொல்லிவிட அவருக்கென்ன, இந்தச் சாலை முழுக்க இவனோடு உட்கார்ந்து வருவது அவரா?

அவள் செய்வது பெரிய வேலை ஒன்றுமில்லை, ஸ்டாண்டின் மேல்வரிசையில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, யார் அடித்தார், எங்கிருந்து, எந்தக் காலால், பந்து கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலாகப் போனதா, ஓரமாகப் போனதா, மேலாகப் போனால் இந்த ஆட்டத்தில் ஒரு பாயிண்ட், அதற்குப் பச்சைப் புள்ளி, தவறினால் சிவப்பு. ஊர்க்காரர்களுக்கு அல்டனின் இடது கால் தங்கம், அவர்கள் ஞாபகத்தில் நிற்பது போனது மட்டும்தான், போகாததை யார் சேர்த்து வைக்கிறார்கள், அவளைத் தவிர? வலது ஓரம், இடதுகால்காரன் அடித்தால் பந்து தானாக உள்ளே வளையும் இடம், அங்கிருந்து மற்றவர்கள் பத்துக்கு ஆறு போடுகிறார்கள், இவன் நாலு. ஓடிக்கொண்டே அடிப்பதிலும் அதே கதை, எல்லாம் சேர்த்தால் அந்த நாற்பத்தொரு சதவீதம். போன ஆட்டத்தில் ஃப்ரீ கிக்குக்கு நின்றான், கையை டிரவுசரில் துடைத்தான், மறுபடி துடைத்தான், கோலுக்குப் பின்னாலிருந்து எவனோ கத்தினான், "டேய் அல்டன், உங்கக்காவ வந்து அடிக்கச் சொல்லுடா." மேல்வரிசை முழுக்கச் சிரித்தது, அவளும் சிரித்தாள், சிரித்தபடியே விரலால் சிவப்பை வைத்தாள்... சின்ன வயதில் கொல்லைப் புல்வெளியில் அவள் அடித்தால் பந்து தொழுவக் கூரையைத் தாண்டும், இவனுடையது சுவரில் மோதித் திரும்பும், அப்பா காரில் ஏற்றிப் பயிற்சிக்குக் கூட்டிப்போனது இவனை.

"மலாக்கி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டான்.

"எதப் பத்தி?"

"சும்மாதான்." காகிதத்தைக் கசக்கிக் கதவின் பள்ளத்தில் செருகினான். "அக்கா, ஒண்ணு சொல்லணும், திட்டாத. செவ்வாய்க்கிழமை அவர்கிட்டப் போயி, ஃப்ரீ கிக்க வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். பந்தக் கையில வாங்கணும்னு நெனச்சாலே ஆட்டத்தன்னிக்குச் சோறு எறங்கறதில்ல. ரெண்டு வருஷமா இப்படித்தான். வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

ரெண்டு வருஷமா? அவளுடைய வரைபடத்தில் அப்படி ஒரு நிறம் இல்லையே... "அவர் என்ன சொன்னார்?"

"தோள்ல தட்டினார். சொன்னது நல்லதாப் போச்சுன்னார். இன்னிக்கு வெறுமன ஓடி ஆடினாப் போதும், பதினஞ்சு வயசுல ஆடினமாதிரி. நேத்து எப்படித் தூங்கினேன் தெரியுமா?"

"நல்லதுதான்டா," என்றாள். காரை ஓரம் கட்டி இப்போதே சொல்லிவிடலாமா, சொன்னால் இந்த முகம் இங்கேயே விழும், சொல்லாவிட்டால் அத்தனை பேர் நடுவில் விழும், எது மேல்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே மைதானத்தின் வாசல் வந்துவிட்டது, மஞ்சள் கோட்டு போட்டவர் கையைக் காட்டினார், அல்டன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் ஓடினான், யாரோ அவன் முதுகில் அறைந்தார்கள், டிரஸ்ஸிங் ரூம் கதவு மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை இவன் சொல்லியிருக்கிறான், புதன்கிழமை மலாக்கி அவளைக் கூப்பிட்டார், இப்போதுதான் கோர்த்துப் பார்க்க முடிகிறது, என்ன கேட்டார், சரியாக என்ன கேட்டார்? "ஃப்ரீ கிக் கணக்கு மட்டும் அனுப்பும்மா, வேற யார்கிட்டக் குடுக்கலாம்னு பாக்கணும்." மட்டும் என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஓடிக்கொண்டே அடிப்பது, நெருக்கத்தில் தவறவிட்டது, கடைசி நிமிடங்களில் கோட்டைவிட்டது, அந்தச் சிவப்பை எல்லாம் சேர்த்து அனுப்பியது அவள், அதுவும் அல்டனுடையதை மட்டும் தனிப்பக்கமாக. முழுசாகக் கொடுப்பதுதானே ஒழுங்கு என்று நினைத்தாளா, அல்லது... அனுப்பும்போது வருத்தமாக இருந்திருக்கும், கூடப் பிறந்தவனாயிற்றே, இருந்திருக்க வேண்டும்தானே? அந்த வருத்தத்தைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. அனுப்பிய கையோடு அடுப்பங்கரை விளக்கை அணைத்தது ஞாபகம் வந்தது, ஒரு பாட்டை முணுமுணுத்தபடி மாடிப்படி ஏறியதும்.