வீடியோவுக்குப் பதிலாக ஒரு கதை

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக ஊறியது அல்ல. கல்யாண வீடியோக்காரர் தன் ரேட்டைச் சொன்ன நிமிடத்தில் பிறந்தது. பிறந்த இடம் என் அத்தானின் மெத்தைக் கடை. ரேட்டைக் கேட்டதும் அத்தான் பக்கத்தில் விரித்திருந்த மெத்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விற்பனைக்கு வைத்த மெத்தையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'பாதிவிலை'. யார் எந்த விலை சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். தன் கடையில் எல்லா விலையையும் இரண்டு மடங்காக எழுதி, அதை அடித்துவிட்டுப் பாதிக்கு விற்பவர் அவர். உலகமே அப்படித்தான் விற்கிறது என்று நம்பினார். ஆஸ்பத்திரியில்கூடப் பேரம் பேசியிருக்கிறார். [எதற்கென்று எழுதக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு.]

வீடியோக்காரர் இறங்கி வரவில்லை. "பாதி ரேட்டுன்னா கேமராவை ஆன் பண்ணாம எடுத்துத் தரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தானின் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"மாப்ள, நீ கதையெல்லாம் எழுதுவல்ல?"

"எழுதுவேன்."

"அதுக்கு யாராவது காசு குடுக்குறாங்களா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல அத்தான்."

"அப்பச் சரி. கல்யாணத்தை நீ எழுதிடு. வீடியோன்னா போறவன் வரவனெல்லாம் போட்டுக் காட்டச் சொல்லுவான். கதைன்னா அந்தத் தொல்லை இல்ல. யாரும் படிக்க மாட்டாங்க."

மணப்பெண்ணும், அத்தானின் மகள், அங்கேதான் இருந்தாள், கல்லாவில் சாய்ந்துகொண்டு. அப்பாவோடு வழக்காடி ஜெயிக்க முடியாது என்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அதனால் என்னிடம்தான் பேசினாள்.

"சரி மாமா. ஆனா நான் பார்க்க முடியாததை நீங்க பார்த்து எழுதணும்."

எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபமாகத்தான் இருந்தது.

2

தொடக்கங்கள்:

'பொன்னிறக் கதிர்கள் மண்டபத்தின் உச்சியைத் தழுவ—'

மண்டபத்துக்கு உச்சி கிடையாது, தகரக் கூரை. பெயின்ட் வேலை நடுவில் நின்றிருந்ததால் வாடகையில் பாதி தள்ளுபடி. ஒரு சுவர் புது நீலம், மற்ற மூன்றும் பழைய பச்சை. விருந்தினர்கள் எல்லாரும் நீலச் சுவரை விட்டு மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். அது இன்னும் காயவில்லை.

'கண்ணாடியில் தன்னைக் கண்ட மணமகள் நாணத்தால்—'

எனக்கு எப்படித் தெரியும்? ஒப்பனை அறைக்குள் என்னை விடவில்லை.

'ஆயிரக்கணக்கானோர் திரண்ட அந்த—'

இது அத்தான் சொல்லி எழுதியது. "எழுத்துலதானே மாப்ள, தாராளமா போடு. அவங்களுக்கெல்லாம் சோறா போடப்போறோம்?"

3

கதாபாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.

பத்திரிகையில் இருக்கும் நண்பரிடம் இதுவரை எழுதியதைக் காட்டினேன். "கஞ்சன் பாத்திரம் தட்டையாக இருக்கிறது. சிறு வயது வறுமை ஏதாவது வையுங்கள், வாசகன் உருகுவான்" என்றார். நியாயமாகப் பட்டது. 'ஓட்டைக் குடிசையில், கிழிந்த பாயில்—' என்று ஆரம்பித்தும் விட்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று கடைக்குப் போனேன்.

"அத்தான், சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

"இல்லையே. எங்கப்பா நல்லா சம்பாதிச்சார். எனக்குன்னு தனி ரூமே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இப்படிப் பேரம் பேசுறீங்க?"

"ஜாலியா இருக்கும் மாப்ள."

குடிசையை இடித்துவிட்டேன். பாத்திரம் தட்டையாகவே இருக்கட்டும். மெத்தைக்காரர்தானே.

4

இனிக் கதைக்கு வருவோம்.

ஒப்பனைக்காரப் பெண்ணும் பாதிக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் செய்தது, கூட வரும் உதவிப் பெண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததுதான். தலை, முகம், உடை மடிப்பு எல்லாம் அவள் ஒருத்தியே. ஆக வேலை இழுத்துக்கொண்டே போனது. மாப்பிள்ளை மேடையில் தனியாக உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். போகப்போக அது பல்வலிக்காரர் சிரிப்பு மாதிரி ஆகிவிட்டது. விருந்தினர்கள் முதலில் போனைப் பார்த்தார்கள், பிறகு வாசலைப் பார்த்தார்கள், கடைசியில் அத்தானைப் பார்த்தார்கள்.

அத்தான் இசைக் குழுவை ஆரம்பிக்கச் சொன்னார். கீபோர்டுக்காரர், கிடார்க்காரர், டிரம்ஸ்காரர் மூவரும் தயாராகத்தான் இருந்தார்கள். நடுவில் மைக். மைக்குக்குப் பின்னால் யாரும் இல்லை.

"பாடுறவர் எங்க?"

"அவர் வரலை சார்" என்றார் கீபோர்டுக்காரர். "முழு ரேட்டுன்னாதான் பாடகர். நீங்க பாதிக்குப் பேசினீங்கள்ல?"

"பாதின்னா எல்லாரும் வந்து பாதி நேரம் வாசிப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

"இல்ல சார், நேரம் முழுசும் இருப்போம். பாடத்தான் ஆளில்ல."

வாசித்தார்கள். வார்த்தை வரவேண்டிய இடம் வந்தது, சும்மா போனது. முன் வரிசையில் ஒருவர் காதுக் கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிடலாமே என்பீர்கள். சம்பந்தியைப் பாட வைத்துக் காசை மிச்சம் பிடித்தார் என்ற பேர் காலத்துக்கும் போகாது. அத்தானுக்கே அதில் தயக்கம் இருந்தது.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மும்முரமாக எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். [இந்த வரியை எடுத்துவிடலாம். வேண்டாம், கிடக்கட்டும்.]

அப்போது ஒப்பனை அறைக் கதவு கொஞ்சம் திறந்து அக்காவின் தலை தெரிந்தது.

"இங்க பாருங்க, அவ அழுறா. எல்லாரும் எழுந்து போயிடுவாங்களாம், மாப்பிள்ளை தனியா உக்கார்ந்திருப்பாராம். அழுறதுல போட்டதெல்லாம் கரையுது. இப்படியே போனா மறுபடியும் முதல்லேர்ந்து போடணுமாம்."

கதவு மூடிக்கொண்டது. அத்தான் மேடை ஏறினார்.

அவருக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு உலகத்திலேயே ஒன்றுதான். கடைக்கு விளம்பரப் பாட்டு வேண்டியிருந்தபோது, எழுதுகிறவருக்குக் கொடுக்க மனம் வராமல் அவரே கட்டியது. வேனில் ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாகப் போட்டது. கைக்குழந்தையாக இருந்த மகளை இதைப் பாடித்தான் தூங்க வைத்தார். வேறு பாட்டு தெரிந்தால்தானே.

படுத்துப் பாருங்க, படுத்துப் பாருங்க,
புடிச்சா வாங்குங்க, புடிக்காட்டி எழுந்து போங்க,
தூங்கிட்டீங்கன்னா மட்டும் காசு கேப்போம்.

சம்பந்தி தரையைப் பார்த்தார். இரண்டாவது தடவை பாடும்போது டிரம்ஸ்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை, சேர்ந்துகொண்டார். மூன்றாவது தடவை கூட்டமே 'தூங்கிட்டீங்கன்னா மட்டும்' என்று கத்தியது, சம்பந்தியும்தான்.*

(* பின் வரிசையிலிருந்து ஒருவர் டபுள் மெத்தை என்ன விலை என்று கேட்டார். அத்தான் பாட்டை நிறுத்தாமல் மைக்கிலேயே "நாளைக்குக் கடைக்கு வாங்க" என்றார். இதை நான் கற்பனை செய்யவில்லை.)

சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை நின்றது. கரைந்தது காய்ந்தது. அவள் வெளியே வந்தபோது அத்தான் கீழே இறங்கி, கீபோர்டுக்காரரிடம் தான் பாடியதற்குக் கழிவு கேட்டுக்கொண்டிருந்தார்.

5

முடிவுகளுக்கு வந்திருக்கிறோம். எல்லாம் அத்தான் உபயம்.

முடிவு அ: பாடகர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்கிறார், பிரமாதமாகப் பாடுகிறார்.

முடிவு ஆ: மின்சாரம் போகிறது. யாரும் எதுவும் பாடவில்லை.

"நான் பாடினது மட்டும் வேணாம் மாப்ள" என்றார், மெத்தையில் சுருக்கத்தை நீவிக்கொண்டே. "சம்பந்தி பாட்டு வாத்தியாரு. அன்னிக்கு ஏதோ வேகத்துல ஏறிட்டேன். இப்ப நெனச்சா உடம்பெல்லாம் கூசுது."

"அவ போன் பண்ணினா அத்தான்."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் மகள் வேறு ஊருக்குக் குடிபோயிருந்தாள். அதற்கு முந்தின நாள்தான் என்னோடு பேசினாள்.

"என்ன வேணுமாம்?"

"நீங்க பாடினப்போ உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா. 'வந்தவங்க எல்லாரும் பார்த்திருக்காங்க மாமா, நான் ஒருத்திதான் பார்க்கலை, மேக்கப்புக்காக உள்ள கண்ணை மூடிட்டு உக்கார்ந்திருந்தேன். அதை மட்டும் எழுதிடுங்க, மத்ததை எப்படி வேணா எழுதிக்கோங்க'ன்னா."

அத்தான் கை நீவுவதை நிறுத்தியது. கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை.

"வீடியோவுல இருந்திருக்கும், இல்ல?"

"இருந்திருக்கும்."

அவர் வாங்காமல் விட்ட பொருளுக்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சரி, எழுது" என்றார். "ஆனா சுருதி சேர்ந்துச்சுன்னு போடு."

சுருதி சேர்ந்தது.

6

'அவர் முகம் மலர்ந்திருந்தது.' பொய். வியர்த்திருந்தது.

'கூச்சத்தில் சிவந்த—' கூச்சம் இருந்தது. அது மட்டுமில்லை.

'கண்கள் குளமாக—' இல்லவே இல்லை. பாட்டு முழுக்க மைக்கையே முறைத்துக்கொண்டிருந்தார், ஒரு தரம் தவிர. அந்த ஒரு தரம் ஒப்பனை அறைக் கதவைப் பார்த்தார். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இத்தனை வருஷம் எழுதியும் அதற்கு ஒரு வாக்கியம் வரவில்லை. வீடியோக்காரர் என்றால் பொத்தானை அழுத்தியிருப்பார்.

ஆகவே இங்கே நீங்கள் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். உங்களுக்கும் யாரோ ஒருவர் இருந்திருப்பார். தனக்குச் சுத்தமாக வராத ஒரு காரியத்தை, நாலு பேர் பார்க்க, உங்களுக்காகச் செய்திருப்பார். அப்போது அவர் முகம் எப்படி இருந்ததென்று உங்களுக்குத் தெரியும். கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள். யாருடைய முகம் என்று சொல்ல வேண்டாம். அப்படியே அவளுக்கு அனுப்பிவிடுகிறேன். அவள் படித்துவிட்டு, ஆமாம், இதுதான் எங்கப்பா என்பாள்.

அந்தக் கதவைப் பார்த்தபோது அவர் முகம்