பிழை திருத்திய பல்செட்டுக்காரர்

1

“நீங்க வேணும்னேதான் பண்ணீங்க.”

“தப்பு இருந்துச்சு, திருத்தினேன். இதுல வேணும்னு என்ன, வேணாம்னு என்ன?”

“பதினெட்டு வருஷமா இருந்த தப்பு. இப்பதான் உங்க கண்ணுல பட்டுச்சா?”

கதை இங்கே தொடங்குகிறது. இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ‘மனிதன் என்பவன் தன் பிழைகளால்தான்...’ என்று ஒன்று. எனக்கே கொட்டாவி வந்தது, அடித்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டில் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சண்டை. நாகரிகம் தெரிந்தவர்கள் அப்படியே திரும்பியிருப்பார்கள். அவர்களுக்குக் கதை கிடைப்பதில்லை.

2

கணவர் பல்செட் செய்பவர். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்; எங்கள் மாடிப்படி முழுக்க அவர் எக்ஸ்ரே அக்கா. இருவரும் சேர்ந்து வளர்ப்பது பிள்ளையை அல்ல, ஒரு பழைய துப்பாக்கி விளையாட்டை. (பிள்ளை ஏன் இல்லை என்று நான் துருவவில்லை. இரண்டு முறைதான் கேட்டேன்.)

திரையில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும். எதிரே வரும் பேய்களைச் சுட்டுக்கொண்டே வெளியேறும் கதவைத் தேடி ஓட வேண்டும். முப்பது வருஷப் பழசு. அதைச் செய்த கம்பெனி, போதும் என்று தோன்றிய ஒரு நாளில், நிரலை ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று திறந்துவிட்டுவிட்டது. எடுத்தவர்கள், இவர்கள் இருவரும் உட்பட, அதைப் புதுக் கம்ப்யூட்டர்களில் ஓடவைத்தார்கள். இப்படி ஓடவைத்ததற்குப் ‘போர்ட்’ என்று பெயர். யாரும் கேட்காத வேலை, சம்பளமில்லாத வேலை. ஆகவே உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள்.

3

தப்பு இதுதான்: சுவரை உரசிக்கொண்டு சாய்வாக ஓடினால் ஆள் இருமடங்கு வேகத்தில் பறப்பான். எந்தக் காலத்திலோ எவரோ கூட்டலில் கோட்டைவிட்டது. கல்யாணத்துக்கு முந்தைய மாதம், அந்தச் சுவரோரமாகவே ஓடி, முதல் கட்டத்தை ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடியில் முடித்தார் அக்கா. பதிவும் இருக்கிறது. பல்செட்டுக்காரருடையது ஒரு நிமிடம் நாற்பத்தேழு. பதினெட்டு வருஷமாக நாற்பத்தேழு.

பதிவு என்றால் வீடியோ என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன், அக்கா சிரித்தார். எந்த நொடியில் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்ற பட்டியல் மட்டும்தான். விளையாட்டு அதைப் படித்து மறுபடி ஆடிக் காட்டும். விளையாட்டில் நூலளவு எதையாவது மாற்றினாலும் ஆட்டம் தடம்புரண்டுவிடும். போன வாரம் பல்செட்டுக்காரர் தப்பைத் திருத்தினார். அக்கா பதிவைப் போட்டார். இருபத்தைந்து வயது அக்கா ஆடி அசைந்து ஓடி, கதவுக்கு நாலடி முன்பே திரும்பி, சுவரில் முட்டிக்கொண்டு காற்றைச் சுட்டபடி நின்றார்.

“நான் ஜெயிச்ச ஆட்டத்துல நானே பைத்தியக்காரி மாதிரி நிக்கிறேன், பாருங்க.”

“பல்செட்டுல மேடு இருந்தா ராவித்தான் ஆகணும். போட்டவங்க பழகிட்டாங்கன்னு விட முடியுமா?”

“நல்லாப் பழகினவங்க வாயில கேக்காம ஏன் கைய விட்டீங்க?”

நான் ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

4

[இந்த இடத்தில் கணவரை வில்லனாக்கிவிட ஆசை. ஆனால் என் மேல்வரிசைப் பல் அவருடைய கைவேலை. நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.]

அக்காவின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். சமாதானம் பேச வந்தான்.

“பழைய மாதிரி வேணும்ங்கறவங்களுக்கு ஒரு சுவிட்ச் வெச்சிரலாம், மாமா.”

“தப்புக்கு சுவிட்சா? உன் லிஃப்ட்ல வைப்பியா, மாப்ள?”

அன்றே அக்கா தனிக்குடித்தனம் போனார். வீட்டை விட்டு அல்ல. பழைய நிரலைத் தப்போடு அப்படியே படியெடுத்துத் தன் பெயரில் வைத்துக்கொண்டார். திறந்த நிரலில் இது எவருக்கும் உள்ள உரிமை, பஞ்சாயத்துக்கு இடமில்லை. ஒரே மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு போர்ட். உப்பு டப்பா மட்டும் பொதுச்சொத்து. அதுவரை போர்ட்டுக்குக் கைகொடுத்துவந்தவர்களில் பல்செட்டுக்காரர் பக்கம் பதினோரு பேர் போனார்கள், அக்கா பக்கம் ஒன்பது. லிஃப்ட் மெக்கானிக் இரண்டு கணக்கிலும் இருந்தான்.

5

முடிவு ஒன்று: அவர் மன்னிப்புக் கேட்டு... இல்லை, அவர் அந்த ரகமில்லை.

முடிவு இரண்டு: அக்கா கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு... உடைக்கிற ஆளா நிரலை ஏழு இடத்தில் படியெடுத்து வைத்திருப்பார்?

மூன்றாவது, நான் பார்த்தது. ஞாயிறு மதியம், அக்கா டியூட்டியில். ஏணி கேட்கப் போனேன். (ஏணி தேவைப்படவில்லை.) பல்செட்டுக்காரர் அக்காவின் போர்ட்டில், அந்தத் தப்பான சுவரை உரசிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். கடைசிக் கதவைத் தொட்டார். ஒரு நிமிடம் நாற்பத்தொன்று.

பதிவை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று திரை கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அவகிட்ட சொல்லிராதீங்க.”

எதைச் சொல்லக் கூடாது என்று கேட்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். எதை அழுத்தினார் என்று தெரியவில்லை. நான் அப்போது ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்தேன், அது மறைத்துவிட்டது. இந்தக் கட்டிடத்தில் நான் பார்க்கத் தவறிய ஒரே விஷயம் அதுதான்.

6

லிஃப்ட் மெக்கானிக், அக்கா பக்கத்து ஒன்பது பேரில் ஒருத்தியை, வாராவாரம் புதுப்புதுத் தப்பாகக் கண்டுபிடித்து எழுதி அனுப்பியவளை, கல்யாணம் செய்துகொண்டான். அடுத்த வருஷம் அக்காவுக்கு மாற்றல் வந்து இருவரும் வேறு ஊர் போனார்கள். கம்ப்யூட்டர் இரண்டும் ஒரே பெட்டியில் ஏறின. அக்காவின் போர்ட்டில் சாதனைப் பட்டியலின் முதலிடம் இன்றும் ஒன்று நாற்பத்திரண்டு. அடுத்தது ஒன்று நாற்பத்தேழு. பல்செட்டுக்காரருடைய போர்ட்டில் திருத்தம் திருத்தமாகவே இருக்கிறது. அன்று அழித்தாரா, எங்காவது ஒளித்துவைத்தாரா, அந்தப் பொத்தானை நீங்களே அழுத்திக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ஏணியை எனக்கே விட்டுவிட்டார்கள்.

“உங்களுக்குத்தான் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு,” என்றார் அக்கா. “ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு.”